பின்னறைக் கணினியும் ஒரு துண்டு வானமும்

கடந்த ஆண்டு மே மாதம், மின் அளவீடு எடுக்க வந்தவர் போன பிறகு அம்மா அட்டையை என்னிடம் நீட்டினார்.

"ஏம்ப்பா, நம்ம வீட்ல ஏசி கூடக் கெடயாது. ஐந்நூறத் தாண்டிருச்சுன்னு எழுதிட்டுப் போறாரு. மீட்டரு சரியாத்தான் ஓடுதா?"

மீட்டர் சரியாகத்தான் ஓடியிருந்தது. மகள் கட்டடக்கலை படித்தபோது நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று கேட்டு வாங்கிய மேசைக் கணினி, அவள் வேலைக்குப் பெங்களூர் போன பிறகு பின்னறையில் துணி போர்த்திக் கிடந்தது. மார்ச் மாதம் அந்தத் துணியை எடுத்துவிட்டு, வீட்டுக் கணினிகளில் கணக்குப் போட வைக்கும் ஐன்ஸ்டீன் அட் ஹோம் என்ற ஆராய்ச்சித் திட்டத்தில் அதைச் சேர்த்தேன். அறிவியலுக்குக் கொடுப்பது என்று ஆனபின் கணக்குப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். சிபியூவின் எட்டுத் திரெட், கூடவே கிராபிக்ஸ் கார்டு, இரவு பகல் 24 மணி நேரம். பிளக்கில் இழுத்தது சுமார் 250 வாட். நாளைக்கு 6 யூனிட், 60 நாளைக்கு 360 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதும், 500ஐத் தாண்டினால் கட்டண அட்டவணையே வேறு என்பதும் எல்லா வீட்டுக்கும் தெரிந்த கணக்கு. எங்கள் வீட்டை அந்தக் கோட்டைத் தாண்ட வைத்தது இந்த ஒரு பெட்டி.

பணம் போனதைவிட வருத்தமான செய்தி அன்று இரவு தெரிந்தது. திட்டத்தில் எனக்குரிய கணக்குப் பக்கத்தைத் திறந்து பார்த்தால், ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து நான் அனுப்பிய விடைகளில் பல 'செல்லாதவை' என்று குறிக்கப்பட்டிருந்தன. திருச்சி வெயிலில், ஜன்னல் சாத்திய அறையில், தூசி அடைத்த ஃபேனோடு, கணினி தப்பாகக் கணக்குப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அள்ளிக் கொடுத்ததாக நான் நினைத்ததில் ஒரு பகுதி யாருக்கும் பயன்படவில்லை.

இப்போது அதே கணினி இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை மட்டும், சிபியூவில் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு ஓடுகிறது. பிளக்கில் சுமார் 90 வாட். இரண்டு மாதத்துக்கு 43 யூனிட். செல்லாத விடை ஒன்றுகூட வருவதில்லை. வீட்டுக் கணினியை இந்த வேலைக்குத் தயார் செய்வது என்றால் முதலில் கற்க வேண்டியது எதையெல்லாம் குறைப்பது என்பதைத்தான். அதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எதற்காக இதெல்லாம் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

1996 ஜனவரியில் ஜார்ஜ் வோல்ட்மன் என்ற அமெரிக்க நிரலாளர், மெர்சென் பகா எண்களைத் தேடும் ஒரு நிரலை எழுதி, விரும்புகிறவர்கள் தங்கள் கணினியில் ஓட்டலாம் என்று அறிவித்தார். இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் பகா எண்கள் அவை. கிம்ப்ஸ் என்ற அந்தத் தேடல் இன்றும் நடக்கிறது. 2024 அக்டோபரில் அது கண்டுபிடித்த எண்ணில் 4,10,24,320 இலக்கங்கள். 1999 மே 17 அன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் செட்டி அட் ஹோம் திட்டத்தைத் தொடங்கியது. போர்ட்டோ ரிக்கோவில் இருந்த 305 மீட்டர் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கி பதிவு செய்ததைச் சின்னச் சின்னத் துண்டாக்கி வீடுகளுக்கு அனுப்பினார்கள். வேற்றுலகத்தார் சமிக்ஞை ஏதும் அதில் இருக்கிறதா என்று வீட்டுக் கணினிகள் தேடின. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். சமிக்ஞை கிடைக்கவில்லை. 2020 மார்ச் 31 அன்று புதிய வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்தத் திட்டத்தை நடத்திய டேவிட் ஆண்டர்சன், 2002இலேயே வேறு எந்த ஆராய்ச்சியாளரும் இதே வழியைப் பயன்படுத்தும்படி ஒரு பொது மென்பொருளைக் கட்டத் தொடங்கியிருந்தார். அதன் பெயர் பாயிங்க். இன்று வீட்டில் நாம் நிறுவுவது அதைத்தான். இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது.

கொரோனா வந்த 2020 வசந்தத்தில், ஸ்டான்ஃபோர்டில் விஜய் பாண்டே 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஃபோல்டிங் அட் ஹோம் திட்டத்தில் மக்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள். புரதங்கள் எப்படி மடிகின்றன, நெளிகின்றன என்று கணிக்கும் திட்டம் அது. அவர்களுடைய கணினிகள் எல்லாம் சேர்ந்து விநாடிக்குப் பத்தாயிரம் கோடி கோடி கணக்கு என்ற அளவைத் தாண்டின. அப்போது உலகில் இருந்த எந்த ஒற்றை மீக்கணினியும் அந்த அளவைத் தொட்டிருக்கவில்லை.

நான் ஐன்ஸ்டீன் அட் ஹோம் பக்கம் போனதற்குக் காரணம் வேறு. அந்தத் திட்டம் தேடும் பொருளே எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு பெரிய நட்சத்திரம் வெடித்து அடங்கியபின் மிஞ்சுவது நியூட்ரான் நட்சத்திரம். ஒரு நகரத்தின் குறுக்களவுக்குள் சூரியனைவிட அதிக நிறை. இவற்றில் சில விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை சுழல்கின்றன. அப்படிச் சுழலும் பந்தில் மிகச் சிறிய மேடு ஒன்று இருந்தால்கூட, அது ஓயாத ஈர்ப்பலையை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்று இயற்பியல் சொல்கிறது. அமெரிக்காவில் ஹான்ஃபோர்டிலும் லிவிங்ஸ்டனிலும் 4 கிலோமீட்டர் கைகளோடு நிற்கும் லைகோ என்ற ஈர்ப்பலைக் கருவிகள் 2015 செப்டம்பர் 14 அன்று முதன்முதலாகப் பிடித்த அலை, இரண்டு கருந்துளைகள் மோதியபோது ஒரு விநாடிக்கும் குறைவாக வந்து போனது. நியூட்ரான் நட்சத்திரத்தின் அலை அதைப்போல ஓங்கி ஒலிக்காது. திருவிழாக் கூட்டத்தில் எங்கோ ஒருவர் ஒரே சுருதியில் முணுமுணுப்பதைப் போன்றது. அந்த முணுமுணுப்பைக் கேட்க மாதக்கணக்கான பதிவைச் சேர்த்து வைத்து அலச வேண்டும்.

அலசுவதில் ஒரு சிக்கல். பூமி விநாடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது, தானும் சுழல்கிறது. நம்மை நோக்கி வரும் ரயிலின் ஹாரன் ஒரு சுருதியிலும், கடந்து போனபின் வேறு சுருதியிலும் கேட்பதுபோல், அந்த அலையின் சுருதியும் ஆண்டு முழுவதும் ஏறி இறங்கும். எவ்வளவு ஏறி இறங்கும் என்பது நட்சத்திரம் வானத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இடம் தெரியாது. ஆகவே வானத்தைப் புள்ளி புள்ளியாகப் பிரித்து, "இந்தப் புள்ளியில் இருந்தால் எப்படிக் கேட்கும்?" என்று ஒவ்வொன்றுக்கும் தனியாகத் திருத்திப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சுருதிக்கும், சுழற்சி மெல்லக் குறையும் ஒவ்வொரு வேகத்துக்கும் மறுபடியும் அதே வேலை. கணக்கு மலைபோல் குவிந்துவிடும்.

ஆனால் ஒரு புள்ளியின் கணக்குக்கும் பக்கத்துப் புள்ளியின் கணக்குக்கும் சம்பந்தம் இல்லை. திருச்சியில் ஒரு கணினி ஒரு துண்டைப் பார்க்கும்போது, போலந்தில் ஒரு கணினி அடுத்த துண்டைப் பார்க்கலாம். இரண்டும் ஒன்றோடொன்று பேச வேண்டியதில்லை. வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்க இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. பருவநிலைக் கணக்கு இதற்கு நேர் எதிர். ஒரு கட்டத்தின் காற்று அடுத்த கட்டத்துக்குள் வீசும் என்பதால் ஓயாமல் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து 2003இல் தொடங்கிய கிளைமேட்பிரெடிக்ஷன் திட்டம் உலகத்தை வெட்டிக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு கணினிக்கும் ஒரு முழு மாதிரியையே, சற்று மாற்றிய அளவுகளோடு, கொடுத்துவிடுகிறது.

ஐன்ஸ்டீன் அட் ஹோம் 2005 பிப்ரவரியில், உலக இயற்பியல் ஆண்டையொட்டித் தொடங்கியது. ஜெர்மனியின் ஹனோவரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஈர்ப்பியல் நிறுவனமும், அமெரிக்காவின் மில்வாக்கியில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகமும் நடத்துகின்றன. இயக்குநர் புரூஸ் ஆலன். அந்த ஓயாத ஈர்ப்பலை இதுவரை அகப்படவில்லை. ஆனால் அதே முறையை அரெசிபோ போன்ற தொலைநோக்கிகளின் ரேடியோ பதிவுகளிலும், ஃபெர்மி விண்கலத்தின் காமா கதிர்ப் பதிவுகளிலும் போட்டுப் பார்த்ததில், யாரும் அறியாமல் இருந்த எண்பதுக்கும் மேற்பட்ட நியூட்ரான் நட்சத்திரங்கள் கிடைத்தன. முதலாவது 2010இல். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஏம்ஸ் என்ற ஊரில் ஒரு தம்பதியின் வீட்டுக் கணினியும், ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் இன்னொருவர் சேர்த்திருந்த கணினியும் ஒரே துண்டைத் தனித்தனியாக அலசி, ஒரே விடையை அனுப்பின. சுமார் 17,000 ஒளியாண்டுத் தொலைவில், விநாடிக்கு ஏறக்குறைய 41 தடவை சுழலும் நட்சத்திரம். அந்த ஆகஸ்டில் 'சயன்ஸ்' இதழில் கட்டுரை வெளிவந்தது. அரெசிபோ தொலைநோக்கி 2020 டிசம்பர் 1 அன்று சரிந்து விழுந்துவிட்டது. அது கேட்டு வைத்துவிட்டுப் போனவற்றை அதன்பிறகும் வீட்டுக் கணினிகள் அலசின என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கும்.

ஏம்ஸும் மைன்ஸும் ஒரே துண்டைப் பார்த்தது தற்செயல் அல்ல. பாயிங்க் வழியாக நடக்கும் பல திட்டங்களில் ஒரே வேலையை, ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேருக்கு அனுப்புவார்கள். இரண்டு விடையும் ஒத்தால்தான் இரண்டும் செல்லும். ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஆளுக்குப் போகும். என் கணினி சூட்டில் உளறியபோது, முகம் தெரியாத யாரோ ஒருவருடைய சரியான விடை என்னால் காத்துக் கிடந்தது. மூன்றாவது ஒருவர் அதே வேலையை மறுபடி செய்ய வேண்டியிருந்தது. இது புரிந்த அன்றுதான் செட்டிங்ஸ் பக்கத்தை முதல் வரியிலிருந்து படிக்க உட்கார்ந்தேன்.

அதற்கு முன் தூசி. கணினி சரிபார்க்கும் தம்பி ஒருவரை வரவழைத்தேன். பக்கப் பலகையைக் கழற்றியதும் அவர் சொன்னது: "சார், இது ஃபேனே இல்ல, கம்பளி." பின்வாசல் திண்ணையில் வைத்து புளோயரால் ஊதினார். சிபியூ மேல் இருந்த ஹீட்சிங்கைக் கழற்றி, காய்ந்து உதிர்ந்த பேஸ்ட்டைத் துடைத்து, புதிதாகத் தடவினார். அரை மணி நேர வேலை. முழு வேலையில் 95 டிகிரியை ஒட்டி நின்ற சிபியூ 78க்கு இறங்கியது. இந்தச் சிப்புகள் 95, 100 டிகிரியை நெருங்கினால் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். அதாவது தூசி அடைந்த கணினி மின்சாரத்தையும் தின்னும், வேலையும் குறைவாகச் செய்யும். வெப்பத்தைக் காட்டும் இலவச நிரல் ஒன்றைப் போட்டுக்கொண்டு, முதல் ஒரு வாரம் தினமும் பார்க்க வேண்டும். நான் 80 டிகிரியை எல்லையாக வைத்திருக்கிறேன். கிராபிக்ஸ் கார்டின் மெமரியை யாராவது முன்பு ஓவர்கிளாக் செய்திருந்தால் அதையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். விளையாட்டில் ஒரு புள்ளி நிறம் மாறினால் யார் கண்ணிலும் படாது. இங்கே ஒரு இலக்கம் மாறினால் விடை போய்விடும். இந்தக் கணக்குகள் எவ்வளவு கறாரானவை என்பதற்கு ஒரு சான்று: கிம்ப்ஸ் நிரலை ஓட்டியவர்கள் கணினி உறைந்துபோவதைக் கவனித்துச் சொன்னதன் வழியாகத்தான், ஸ்கைலேக் சிப்புகளில் இருந்த ஒரு கோளாறை இன்டெல் 2016 ஜனவரியில் ஒப்புக்கொண்டு சரிசெய்தது.

இனி பாயிங்க். நிறுவியதும் எளிமையான ஒரு சிறு ஜன்னல் வரும். அதை அட்வான்ஸ்டு வியூவுக்கு மாற்றிக்கொண்டு, ஆப்ஷன்ஸ் மெனுவில் கம்ப்யூட்டிங் பிரிஃபரன்சஸ் என்பதைத் திறக்க வேண்டும். வீட்டின் நிம்மதி இந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது.

ஒரு வரியில் சிபியூக்களில் எத்தனை சதவீதம் என்று கேட்கும். அதையடுத்து சிபியூ நேரத்தில் எத்தனை சதவீதம் என்று கேட்கும். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஒன்றல்ல. முதலாவதில் 50 போட்டால், எட்டுத் திரெட் உள்ள கணினியில் நான்கு வேலை மட்டும் ஓடும், சீராக ஓடும். இரண்டாவதில் 50 போட்டால், எல்லா வேலையும் சற்று ஓடி, சற்று நின்று, மறுபடி ஓடி என்று விட்டுவிட்டு நடக்கும். வெப்பம் ஏறி இறங்கி ஏறும், ஃபேன் சீறி அடங்கிச் சீறும். பக்கத்து அறையில் வயதானவர்கள் தூங்கும் வீட்டில் அந்தச் சத்தம் கொடுமை. ஆகவே நேரத்தை 100இல் விட்டுவிட்டு, எண்ணிக்கையைக் குறையுங்கள். பாதியில் தொடங்குவது நல்லது. வெப்பமும் பில்லும் அனுமதித்தால் ஒரு மாதம் கழித்துக் கூட்டிக்கொள்ளலாம். கிராபிக்ஸ் கார்டையும் ஓட்டுகிறவர்கள், அதற்குத் தீனி போட ஒரு திரெட்டையாவது சும்மா விட வேண்டும், இல்லையென்றால் கார்டு காத்துக்கொண்டே இருக்கும்.

நான் கிராபிக்ஸ் கார்டை நிறுத்திவிட்டேன். விநாடிக்கு அது செய்யும் வேலை சிபியூவைவிடப் பல மடங்கு என்பது உண்மைதான். வாட்டுக்கு எவ்வளவு வேலை என்று பார்த்தாலும் அதுதான் பெரும்பாலும் ஜெயிக்கும். ஆனால் எங்கள் வீட்டு மின் கணக்கு அதைத் தாங்காது. கூரையில் சோலார் உள்ள வீடுகள் பகலில் அதை ஓட்டலாம். என் சகோதரி வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது.

கணினியை யாராவது பயன்படுத்தும்போது நிறுத்து என்று ஒரு கட்டம் இருக்கிறது. பாயிங்க் வேலைகள் மிகக் குறைந்த முன்னுரிமையில் ஓடுவதால், டைப் செய்வதற்கும் படம் பார்ப்பதற்கும் பொதுவாக இடைஞ்சல் இருக்காது. ஆனால் 4 ஜிபி ராம் உள்ள பழைய கணினி என்றால் இந்தக் கட்டத்தைத் தட்டிவிடுங்கள். ராமுக்கும் தனி அளவு வைக்கலாம், ஆள் இருக்கும்போது இவ்வளவு, இல்லாதபோது இவ்வளவு என்று. நிறுத்திய வேலையை ராமிலேயே வைத்திரு என்ற இன்னொரு கட்டத்தையும், ராம் தாராளமாக இருந்தால், தட்டுவது நல்லது. வேலைகள் அவ்வப்போது தாங்கள் எட்டிய இடத்தை டிஸ்க்கில் குறித்துவைக்கும். ராமிலிருந்து தூக்கிவிட்டால், கடைசியாகக் குறித்த இடத்திலிருந்துதான் மறுபடி தொடங்கும். ஒவ்வொரு முறை மவுஸைத் தொடும்போதும் பத்து நிமிட வேலை வீணாகக் கூடாது அல்லவா.

கரண்ட் கட் ஆனாலும் இதே குறிப்புதான் காப்பாற்றும். ஆனால் இன்வெர்ட்டர் உள்ள வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. பேட்டரியில் ஓடும்போது நிறுத்து என்ற கட்டம் லேப்டாப்புக்குச் சரியாக வேலை செய்யும். மேசைக் கணினிக்கு, மின்சாரம் கம்பத்திலிருந்து வருகிறதா, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இன்வெர்ட்டரிலிருந்து வருகிறதா என்று தெரியாது. நள்ளிரவில் கரண்ட் போனால், அம்மாவின் அறை ஃபேனுக்கு வேண்டிய பேட்டரியைக் கணினி குடித்துவிடும். எங்கள் வீட்டில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பின்னறை பிளக்கை இன்வெர்ட்டர் லைனிலிருந்து பிரித்துவிட்டேன். கரண்ட் போனால் கணினி அணையும், அவ்வளவுதான்.

டெய்லி ஷெட்யூல்ஸ் என்ற பகுதியில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை ஓடலாம் என்று குறிக்கலாம். கூடவே விண்டோஸில் பவர் செட்டிங்ஸுக்குப் போய், திரை ஐந்து நிமிடத்தில் அணைய வேண்டும், கணினி மட்டும் தூங்கக் கூடாது என்று வைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, ஏன் இரவெல்லாம் ஒன்றுமே நடக்கவில்லை என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர்.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒரு சின்ன எண்ணைப் பற்றி. எத்தனை நாளுக்கான வேலையை முன்கூட்டி வாங்கி வைக்கலாம் என்று பாயிங்க் கேட்கும். இணையம் அடிக்கடி போகும் ஊர் என்று பயந்து பத்து நாள் என்று போடத் தோன்றும். நானும் போட்டிருந்தேன். ஒவ்வொரு வேலைக்கும் கெடு உண்டு, பொதுவாக ஒன்றிரண்டு வாரம். நாளைக்கு எட்டு மணி நேரம் மட்டும் ஓடும் கணினி பத்து நாள் வேலையை அள்ளி வைத்துக்கொண்டால், கெடு தாண்டிக்கொண்டே போகும். கெடு தாண்டியதும் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும். அதன்பிறகு நாம் முடித்து அனுப்பினாலும், எரித்த மின்சாரத்துக்குப் பலன் இல்லாமல் போகலாம். அரை நாள், அதிகம் போனால் ஒரு நாள். வீட்டுக் கணினிக்கு அது போதும்.

திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது மனதைப் பொறுத்தது என்றாலும் கணினியையும் பார்க்க வேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரொசெட்டா அட் ஹோம், 2024இல் வேதியியல் நோபல் பெற்ற டேவிட் பேக்கரின் ஆய்வகத்தில் பிறந்தது. அதன் வேலைகள் ராமை நிறையக் கேட்கும். சுவிட்சர்லாந்தில் உள்ள சேர்ன் துகள் இயற்பியல் ஆய்வகம் நடத்தும் திட்டத்தில் சில வேலைகளுக்குக் கணினிக்குள் இன்னொரு கணினியை உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் வேண்டும். புதியவர்களுக்கு அது வேண்டாம். பருவநிலை வேலைகள் நாள்கணக்கில் ஓடும், அடிக்கடி அணையும் கணினிக்குப் பொருந்தாது. 2004இல் ஐபிஎம் தொடங்கி, பின்னர் கனடாவின் டொரன்டோவில் உள்ள கிரெம்பில் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கைமாறிய வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட், புற்றுநோய் போன்ற மருத்துவ ஆராய்ச்சிகளுக்கானது. ஃபோல்டிங் அட் ஹோமும் கிம்ப்ஸும் பாயிங்குக்குள் வராமல் தங்கள் சொந்த மென்பொருளோடு வருபவை. எதைத் தேர்ந்தாலும் ஒன்று, இரண்டு திட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எட்டுத் திட்டத்தில் சேர்ந்து எதையும் ஒழுங்காக முடிக்காத கணினியைவிட, ஒன்றையே நாள்தோறும் முடித்து அனுப்பும் கணினி ஆராய்ச்சியாளருக்கு வேண்டியது.

சேரும் திட்டத்தை யார் நடத்துகிறார்கள் என்பதைப் பார்க்காமல் சேரக் கூடாது. பிறர் எழுதிய நிரலை நம் வீட்டுக்குள் ஓட விடுகிறோம். பல்கலைக்கழகம் அல்லது ஆராய்ச்சி நிலையத்தின் பெயர், பொறுப்பாளர் பெயர், வெளிவந்த கட்டுரைகள் எல்லாம் தெளிவாக இருந்தால்தான் நான் சேர்வேன். அலுவலகக் கணினியில் போடலாமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஒருபோதும் கூடாது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கல்லூரியின் கணினி நிர்வாகி, கல்லூரிக் கணினிகளில் இதுபோன்ற ஒரு நிரலை நிறுவியதற்காக வழக்கைச் சந்தித்தார். 2002இல் இழப்பீட்டோடும் நன்னடத்தைக் கண்காணிப்போடும் அது முடிந்தது. அவர் எதையும் திருடவில்லை. கணினி மட்டும் அவருடையது இல்லை.

ஆண்ட்ராய்டு ஸ்மார்ட்போனிலும் பாயிங்க் ஓடும். சார்ஜில் இருக்கும்போது மட்டும், வைஃபையில் மட்டும் என்ற பாதுகாப்புகளோடுதான் வருகிறது. ஆனாலும் நம் ஊர்ச் சூட்டில் இரவெல்லாம் சூடேறும் பேட்டரியை நான் தலைமாட்டில் வைக்க மாட்டேன், மற்றவர்களுக்கும் சொல்ல மாட்டேன்.

பழைய மேசைக் கணினிதான் இதற்கு நல்ல பாத்திரம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11ஐ ஏற்காத எத்தனையோ நல்ல கணினிகள் வீடுகளில் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை நிறுவிவிட்டு, அதன் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே பாயிங்கைப் போட்டுக்கொள்ளலாம். மிகப் பழையது என்றால் மட்டும் யோசிக்க வேண்டும். பதினைந்து ஆண்டுக்கு முந்தைய சிபியூ ஒரு வேலைக்கு எரிக்கும் மின்சாரம், இன்றைய சிபியூ எரிப்பதைவிடப் பல மடங்கு. அதை ஓட்டுவதைவிட அணைத்து வைப்பது மேல்.

செய்த வேலைக்குப் புள்ளிகள் கொடுப்பார்கள். அவற்றுக்குப் பண மதிப்பு கிடையாது. உலகப் பட்டியலில் எத்தனையாவது இடம் என்று பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் இருக்கிறார்கள், அந்த ஆர்வமும் ஆராய்ச்சிக்கு உதவத்தான் செய்கிறது. நான் பார்ப்பது வேறொரு பட்டியல். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, அதே வேலையைச் செய்த இன்னொரு கணினியின் விவரம் இருக்கும். எந்த மாதிரிச் சிபியூ, எத்தனை மணி நேரம் எடுத்துக்கொண்டது என்று. போன வாரம் எனக்கு இணையாக வந்தது என்னுடையதைவிடப் பழைய ஒரு கணினி. நான் மூன்று மணி நேரத்தில் முடித்ததை அது ஒன்பது மணி நேரம் செய்து, கெடுவுக்கு நான்கு நாள் முன்பே அனுப்பியிருந்தது. இரண்டு விடையும் ஒத்திருந்தன.

அம்மாவிடம் இதைக் காட்டினேன். "அந்தப் பக்கத்துல யாருப்பா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் பின்னறை விளக்கை அணைக்கும்போது சுவிட்ச் போர்டில் கணினியின் பிளக்கைத் தொடாமல் விட்டுவிடுகிறார்.

இந்த வாரம் அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது. வெயில் தணியும்வரை கணினிக்கு ஓய்வு கொடுக்கப் போகிறேன். அதற்கும் முறை இருக்கிறது. திட்டத்திலிருந்து சட்டென்று விலகினால் கையில் இருக்கும் வேலைகள் அந்தரத்தில் நிற்கும். புராஜெக்ட்ஸ் பக்கத்தில் ஐன்ஸ்டீன் அட் ஹோமைத் தேர்ந்தெடுத்து, 'நோ நியூ டாஸ்க்ஸ்' என்ற பொத்தானை நேற்று மாலை அழுத்திவிட்டேன். புதிதாக எதுவும் வராது. ஏற்கெனவே வாங்கியதில் நான்கு வேலை பாக்கி. இன்று இரவு நான்கும் முடிந்துவிடும். அவை போய்ச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டுத் துணியைப் போர்த்த வேண்டும்.